அறுபத்து நாலு எண்ணூறு

ஜூலை 1, திங்கள்

டாக்டர் சுகவனம் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எதற்கு டைரி? பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே பத்து வரியில் முடித்துவிட்டவள் நான்.

விஷயம் இதுதான். நான் பொறுப்பு நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் வார்டுக்கு மே மாதம் அம்சவேணி என்று ஒரு சிஸ்டர் வந்து சேர்ந்தாள். வயது நாற்பத்தாறு, என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிள்ளைகளை வளர்க்கிறேன் என்று பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து வார்டில் எல்லாம் தப்பும் தவறுமாக நடக்கிறது. நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“கோகிலா, வாயில சொன்னா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. ஜூலை முப்பத்தொண்ணோட அவங்களுக்கு மூணு மாசம் முடியுது. வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு அன்னைக்குத்தான் முடிவு. அதுவரைக்கும் நடக்கறதைத் தேதி போட்டு எழுதிக் குடுங்க” என்றார்.

எழுதினால் போயிற்று. மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது. ஆபீஸ்காரர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எட்டு பெட், எட்டு மெஷின். காலை ஆறு மணிக்கு ஒரு ஷிஃப்ட், பகல் பன்னிரண்டுக்கு ஒரு ஷிஃப்ட். எங்களிடம் வருகிறவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது. குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து மெஷினில் படுத்து அதை எடுத்துவிட வேண்டும். வந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. போன தடவையைவிட எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையும் தண்ணீர்.

இன்றைய தப்பு: அம்சவேணி எட்டுப் பேருக்கு எடை பார்க்க இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். நான் என்றால் எட்டு நிமிஷம்.

ஜூலை 2, செவ்வாய்

எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் ஒரு நீள நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு கோடு. ஆள் ஏறி நின்றதும் எடையை அந்தக் கோட்டில் எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு வரவேற்பிலிருக்கும் நித்யா வந்து நோட்டைப் பார்ப்பாள். யார் கோடு காலியாக இருக்கிறதோ அவர் வரவில்லை என்று அர்த்தம். உடனே வீட்டுக்குப் போன் போடுவாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர் வராமல் வீட்டிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போனார். நாங்கள் யாரும் போன் செய்யவில்லை. அதற்கு மறுநாள் நான்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

செவ்வாய், வெள்ளியில் ஆறாம் பெட்டுக்கு வருகிறவர் சென்னியப்பன், நம்பியூர்ப் பக்கம். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எடை மெஷினில் ஏறும்போதே, “நம்பியூர் ஒண்ணு, அறுபத்தி நாலு நானூறு! சில்லறை குடுங்க அம்மணி!” என்று சத்தம் போடுவார். முன்பெல்லாம் வார்டே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். இப்போது ஏறி இறங்கினால் போதும் சாமி என்று இருக்கிறது. இன்றைக்கு அம்சவேணி அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு இரண்டு நிமிஷத்தை வீணாக்கினாள்.

ஜூலை 5, வெள்ளி

ஊழியர் நலன் என்று ஆபீஸிலிருந்து ஒரு தாள் கொடுத்தார்கள். இருபது கேள்வி. தூக்கம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா, நோயாளிகள்மேல் வெறுப்பு தோன்றுகிறதா, செய்த வேலை மறந்துபோகிறதா. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நன்றாக இருக்கிறேன்’ பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டேன். கடைசியில் எடை கேட்டிருந்தார்கள். 56 என்று போட்டேன். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அம்சவேணி அதை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். என்ன பரீட்சையா எழுதுகிறாள்?

ரவிக்கை எல்லாம் தொளதொள என்று தொங்குகிறது. புது டெய்லர் அளவு எடுக்கத் தெரியாதவன்.

ஜூலை 8, திங்கள்

நேரம் மிச்சப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தே முக்காலுக்கு நான் வந்ததும் எட்டுப் பேர் எடையையும் நோட்டில் எழுதி வைத்துவிடுகிறேன். பதினோரு வருஷமாக இந்த வார்டில் இருக்கிறேன். யார் எவ்வளவு தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆள் வந்து ஏறும்போது சரிபார்த்துத் திருத்திக்கொண்டால் ஆயிற்று. இன்றைக்கு எட்டில் ஐந்து பேருக்கு நூறு கிராம்கூட மாறவில்லை.

அம்சவேணி நோட்டைப் பார்த்துவிட்டு, “ஆளு ஏறாம எப்படீங்க சிஸ்டர் எழுதறது?” என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறாள்! “நீங்க பத்து வருசம் அடுப்படியில நின்னப்ப நான் இங்க நின்னவ” என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

மேலதிகாரியை எதிர்த்துப் பேசுகிறாள் என்று எழுதிக்கொள்ளவும்.

ஜூலை 9, செவ்வாய்

அம்சவேணி லீவு. மகளைக் காலேஜில் சேர்க்க ஈரோட்டுக்குப் போயிருக்கிறாள். வார்டு நிம்மதியாக இருந்தது. இரண்டு ஷிஃப்டும் நான் ஒருத்தியே பார்த்தேன். கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் ஃப்ரிட்ஜில் ஊசிகளை அடுக்கி வைத்துவிட்டு ஓட்டமாக ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூலை 10, புதன்

காலையில் போனால் ஃப்ரிட்ஜ் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசி இருபத்திரண்டும் சூடேறிக் கெட்டுவிட்டன. இது அம்சவேணி வேலைதான், வேறு யார்? கேட்டால், “நானுங்க இல்லீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசிகளை எடுத்து ஓரமாக வைக்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் அதுகூடச் சொல்வதில்லை.

பெரிய தப்பு. இரண்டு தடவை அடிக்கோடு போட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 13, சனி

மூன்றாம் பெட் போய்விட்டது. நேற்று ராத்திரி வீட்டில் இருதயம் நின்றுவிட்டதாம். ஐந்து வருஷமாக வந்துகொண்டிருந்தவர், பெயர் பழனாத்தாள். புதன், சனி. நித்யா போனை வைத்துவிட்டு அழுதாள். நான் காத்திருப்போர் பட்டியலை எடுத்து அடுத்த ஆளுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் பெட் நிரம்பிவிட்டது.

அம்சவேணி சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனாள். “வரலீங்களா சிஸ்டர்?” என்று கேட்டாள். முன்பு நான் ஒரு சாவையும் விடமாட்டேன். இப்போது ஒன்றும் தோன்றவில்லை. அதிலே என்ன தப்பு? எல்லோருக்கும் அழுதுகொண்டிருந்தால் மெஷினை யார் ஓட்டுவது?

ஜூலை 14, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். வெயிலில் வந்த களைப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தார். நான் பாய்ந்துபோய்ச் சொம்பைப் பிடுங்கி, “எத்தனை தடவை சொல்றது, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான்னு!” என்று கத்திவிட்டேன். அவர் வாயில் இருந்த தண்ணீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

என் வீட்டுக்காரர், “ஏம்மா, அது என்ற அக்கா” என்றார்.

தமாஷ் செய்தேன் என்று சமாளித்தேன். யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார். பிறகு இவர் என் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு எடுத்து மூடி வைத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

நான்காம் பெட்டுக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைப் போடக் கை நீட்டினேன். அம்சவேணி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். “குடுத்தாச்சுங்க சிஸ்டர். பத்து நிமிசம் முன்னால நீங்கதானுங்க குடுத்தீங்க.”

இரண்டாவது தடவை போட்டிருந்தால் ரத்தம் நிற்காது. ஊசி குத்தின இடம் மட்டுமல்ல, மூளையிலும் கசியும். கொடுத்ததை அவள் உடனே எழுதி வைத்திருந்தால் எனக்கு எப்படிக் குழப்பம் வரும்? தப்பு அவள்மேல்தான்.

பிறகு தனியே கூப்பிட்டு, “நீங்க கடைசியா எப்பங்க சிஸ்டர் லீவு போட்டீங்க?” என்றாள்.

“பொங்கலுக்கு.”

“வார லீவுங்க?”

“எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் லீவு போட்டா இங்க யாரு பாப்பா, நீங்களா?”

ஊசி டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். கோபத்தில்தான்.

ஜூலை 18, வியாழன்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 19, வெள்ளி

இன்றைக்குப் பட்ட பாடு நாய் படாது. வழக்கம்போல ஐந்தே முக்காலுக்கு எட்டுக் கோட்டையும் நிரப்பிவிட்டேன். ஆறாம் பெட்டுக்கு 64.800. ஆட்கள் வந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பெட்டில் ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் சுவர் வரைக்கும் அடித்தது. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு எட்டுப் பக்கமும். நான் இரண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, ஐசியூவிலிருந்து அவசரமாக ஒரு கேஸ் வந்தது. டாக்டர் அம்சவேணியைத்தான் கூப்பிட்டு, காலியாக இருக்கும் பெட்டில் போடச் சொன்னார். நடுவில் அவள் ஓடிவந்து ஆறைப் பற்றி என்னவோ கேட்டாள். “நோட்டைப் பாருங்க, எல்லாம் நோட்டுல இருக்கு!” என்று விரட்டினேன். ரத்தத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவளிடம் வந்து கேள்வி கேட்பதா?

எடையைச் சரிபார்த்துத் திருத்த நேரமில்லை. எப்படியும் நூறு, இருநூறுதான் மாறும்.

ஆறு இன்றைக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு வாயே திறக்காமல் கிடந்தது. நல்லதாகப் போயிற்று.

ஜூலை 20, சனி

ஒரு தப்பும் நடக்கவில்லை. அம்சவேணிமேல் எழுத ஒன்றும் கிடைக்காதது எரிச்சலாக இருந்தது.

ஜூலை 22, திங்கள்

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது.

காலை ஏழரைக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சென்னியப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படுக்க முடியவில்லை, சாய முடியவில்லை. முன்னால் குனிந்து இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. நுரையீரல் முழுக்கத் தண்ணீர். நாற்காலியோடு தூக்கி எடை மெஷினில் வைத்தோம். நாற்காலியைக் கழித்தால் அறுபத்தெட்டு ஐநூறு. அவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான்தான் ஊசி குத்தினேன். நரம்பு எங்கே என்று என் கைக்கு மனப்பாடம். ஆனாலும் இரண்டு தடவை தவறவிட்டேன்.

அவர் மனைவி பாவாத்தாள் சுவரோரம் நின்றிருந்தார். டாக்டர் கேட்டார், “வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிச்சு மூணே நாள்ல எப்படீம்மா இவ்வளவு தண்ணி?”

“வெள்ளிக்கிழமை எங்கீங்க வந்தாரு? வியாழக்கிழமையே காச்சலுங்க. பஸ்ஸுக்கு நடக்க முடியல. வராட்டிப் பத்து மணிக்கு உங்க போன் வந்துருமுங்களே, வந்தா வண்டி கேக்கலாம்னு பாத்துட்டே இருந்தமுங்க. வரவே இல்ல. சனிக்கிழமை காச்சல் விட்டுருச்சு. போனே வரல, ஒருக்கா விட்டா ஒண்ணும் ஆகாதாட்ட இருக்குது, செவ்வாக்கிழமை போயிக்கலாம்னுட்டாரு.”

நித்யா நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வெள்ளிக்கிழமை, ஆறாவது கோடு. 64.800.

“எழுதியிருந்துச்சுங்க டாக்டர், அதனாலதான் நான் போன் போடல” என்று அழுதாள். அம்சவேணியும், “நானும் நோட்டைப் பாத்துட்டு, எடை போட்டாச்சு, ஐசியூ கேஸுக்காக அவரை மத்தியானத்துக்கு மாத்திட்டாங்கன்னு நெனச்சேனுங்க. மத்தியானம் எனக்கு ட்யூட்டி இல்லீங்க” என்றாள்.

நான் வெள்ளிக்கிழமை ஆறில் பார்த்தது ஐசியூவிலிருந்து வந்த யாரோ ஒருவரை.

“ஆளே வராம எடை எப்படி வந்துச்சு? யார் எழுதினது?” டாக்டர் கேட்டது எங்கள் இருவரையும். ஆனால் பார்த்தது அம்சவேணியை.

“நானுங்க எழுதல டாக்டர்.”

“அப்ப மெஷினே இறங்கி வந்து எழுதுச்சா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பார்த்த பி.பி.யைத் திரும்பப் பார்த்தேன். டாக்டர் ஐசியூவுக்குப் போகும் அவசரத்தில், “கோகிலா, அந்த லிஸ்ட் முப்பத்தொண்ணாந்தேதி என் மேசைல இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாதது பொய் ஆகாது.

ஜூலை 23, செவ்வாய்

சென்னியப்பன் வெண்டிலேட்டரில் இருக்கிறார். ஆறாம் பெட் காலி. பத்து மணிக்கு நித்யா வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, ஆறாவது கோட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

துணி மாற்றும் அறையில் அம்சவேணி கதவைச் சாத்தினாள். சத்தம் போடவில்லை.

“அது உங்க எழுத்துங்க. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முப்பத்தொண்ணு வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன். எனக்கும் புள்ளைகள் இருக்குதுங்க.”

“மிரட்டறீங்களா?”

“மிரட்டலீங்க. நானும் இப்படித்தான் ஒருக்கா இருந்தேன். புள்ளைக்காக வேலைய விட்டேன்னு ஊருக்குச் சொன்னேன். நெசத்துல, பிரசவ வார்டுல குழந்தை அழுதா எனக்குக் காதுல விழுகறதே நின்னு போச்சு. அதனாலதான் விட்டேன். நீங்க கெட்டவங்க இல்லீங்க சிஸ்டர். ஓஞ்சு போயிட்டீங்க.”

“உங்க வேலையைப் பாருங்க!” என்று கத்திவிட்டு வந்தேன். நானா ஓய்ந்துபோனவள்? பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை நான்.

ஜூலை 26, வெள்ளி

சென்னியப்பனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

லிஸ்டை வெள்ளைத்தாளில் நல்ல எழுத்தில் எழுத உட்கார்ந்தேன். இந்த டைரியை முதலிலிருந்து பார்த்துத் தேதி, தப்பு, தேதி, தப்பு என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

‘ஜூலை 9 மாலை: ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டுச் சென்றது.’

எழுதிவிட்டு டைரியைப் பார்த்தால், அதே ஒன்பதாம் தேதியில் என் கையால் எழுதியிருக்கிறேன்: அம்சவேணி லீவு. அதற்குக் கீழே: சாயங்காலம் ஃப்ரிட்ஜில் ஊசிகளை அடுக்கி வைத்துவிட்டு ஓட்டமாக ஓடி.

பேனாவை வைத்துவிட்டேன்.

பிறகு எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். எட்டாம் தேதி. பதினாறாம் தேதி. பத்தொன்பதாம் தேதி. அம்சவேணி செய்த தப்பு என்று மீந்தது ஒன்றே ஒன்று: எடை பார்க்க இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஆள் ஏறி, முள் நிற்கும்வரைக்கும் பார்ப்பதற்கு அத்தனை நேரம் ஆகும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அத்தனை நேரம்தான் ஆனது. கூடம் கோணல் என்றவள் நான்தான்.

இவர் வந்து எட்டிப் பார்த்து, “என்ன எழுதற?” என்றார்.

“என்னைப் பத்தி” என்றேன்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனாவுக்கு மூடி போட்டபடியே சொன்னார், “நாலு மாசமா நீ தூக்கத்துல, வெயிட் போட்டாச்சா, வெயிட் போட்டாச்சான்னு கேட்டுட்டே இருக்கற. போட்டாச்சுன்னு நான் சொன்னாத்தான் திரும்பிப் படுப்ப.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கடிச்சு வெச்சுருவியே” என்றார்.

ஜூலை 30, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து ஜெனரல் வார்டுக்குப் போனேன். சென்னியப்பன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவாத்தாள் அளந்து வைத்த தண்ணீரை ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை எடையை எழுதினது நான், ஆள் வருமுன்னே எழுதினேன், அதனால்தான் போன் வரவில்லை, பழியை இன்னொருத்தர்மேல் விழவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன்.

சென்னியப்பன் ஸ்பூனைக் கையால் விலக்கினார். குரல் தேய்ந்துபோய் வந்தது.

“முப்பத்தோரு வருசம் பஸ்ஸுல நின்னேன் அம்மணி. ஏறுனவன் டிக்கெட் வாங்காம ஏமாத்துனது உண்டு. ஏறாதவனுக்கு நான் டிக்கெட் கிழிச்சதில்லீங்க.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் பாவாத்தாள் ஸ்பூனைத் தட்டில் போட்டார்.

“நீங்க நோட்டுல எழுதறதுக்கு எங்க ஊட்டு ஆளு சாகோணுமா? போன் வரும், போன் வரும்னு அந்தப் பொட்டியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன் நானு. நீங்க போங்க. இப்ப எனக்கு உங்களப் பாக்கப் புடிக்கல.”

போனேன். வேறென்ன செய்வது? அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை.

ஜூலை 31, புதன்

லிஸ்டைக் கிழித்துப்போட்டுவிட்டு இந்த டைரியை அப்படியே டாக்டர் மேசைமேல் வைத்தேன். “எல்லாம் இதுல இருக்குதுங்க டாக்டர். ஆனா ஆள் வேற” என்றேன்.

அவர் அங்கேயே உட்கார்ந்து முழுக்கப் படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“வார லீவு இல்லாம நீங்க ரெண்டு ஷிஃப்ட் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும் கோகிலா. வசதியா இருந்துச்சு, நானும் கேட்டுக்கல” என்றார். பிறகு குரல் மாறியது. “ஆனா இதை ஆபீஸுக்கு நான் மறைக்க முடியாது. மெமோ வரும். வார்டுப் பொறுப்பு இனி உங்ககிட்ட இல்ல. நாளையிலேர்ந்து ஆறு வாரம் லீவு. மனநல டாக்டரைப் போய்ப் பாக்கணும். திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

பதினோரு வருஷம். வலிக்கத்தான் செய்தது, ஒளிப்பானேன்? டைரியைத் திருப்பிக் கொடுத்து, “இதை நிறுத்தாதீங்க” என்றார்.

வார்டுக்குப் போய் என் செருப்பையும் டிபன் டப்பாவையும் எடுத்தேன். அம்சவேணிக்கு வேலை உறுதியாகிவிட்டது, வார்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். மன்னிப்புக் கேட்டேன். “சரிங்க” என்றார், அவ்வளவுதான். முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. கதவுவரை போனவளைக் கூப்பிட்டார்.

“ஏறுங்க.”

“எதுல?”

எடை மெஷினைக் காட்டினார். பதினோரு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை இதில் ஏற்றியிருக்கிறேன். நான் கடைசியாக எப்போது ஏறினேன் என்று நினைவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

“ஐம்பத்தாறு இருக்கும், எழுதிக்கங்க” என்றேன்.

அம்சவேணியக்கா எழுதவில்லை. முள் நிற்கும்வரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

நாற்பத்தேழு அறுநூறு.

நோட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, ‘கோகிலவாணி’ என்று எழுதி, அதன்பிறகுதான் எடையை எழுதினார். “வெள்ளிக்கிழமை காலையில வந்து ஏறோணும். வேலைக்கு இல்ல, எடைக்கு மட்டும்” என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

போகவில்லை. காலையில் எழுந்து, எனக்கு எதற்கு எடை, ஊர் சிரிக்கவா என்று நினைத்துத் திரும்பப் படுத்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் போன் அடித்தது. நித்யா.

“சிஸ்டர், உங்க கோடு காலியா இருக்குதுங்க. ஏனுங்க வரல? உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?”

 பழனாத்தாள் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். நித்யா வைக்கவில்லை. பின்னால் மெஷின்களின் சத்தம் கேட்டது. யாரோ, “இருக்கறாங்களா, இல்லியா?” என்று கேட்பது கேட்டது. அம்சவேணியக்கா குரல்.

“இருக்கேன்னு சொல்லு” என்றேன். “பதினொண்ணேகால் பஸ்ஸுக்கு வரேன்.”